மஞ்சள் ஒட்டாத கல்யாண கார்டு

எழுந்து நின்று பேச எனக்கு வராது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நம் இளைய முதலாளி கேட்டபோது, எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். நான் பள்ளியில் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முடியும் வரைதான். அதற்கு மேல் படித்ததெல்லாம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, ஊரார் அச்சடிக்கக் கொடுத்ததைப் படித்தது. எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் ஆஃப்செட். கொஞ்சமாக, அவசரமாக என்றால் டிஜிட்டல். டி-சட்டை, குவளை, கண்ணாடி என்றால் ஸ்க்ரீன். ரொட்டி சுற்றி வருகிற பிளாஸ்டிக் மாதிரி உருளையாக ஓடுவதற்கு ரப்பர் அச்சு. அது நம்மிடம் இல்லை, வெளியே கொடுக்கிறோம். கோயில் திருவிழாவுக்கும் கடைத் திறப்புக்கும் பேனர் அடிக்க அகல மெஷின். இதை நீங்கள் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுவீர்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த அட்டவணை, சரக்கு நம் கதவைத் தாண்டும் வரைக்கும்தான் பேசும். தாண்டிய பிறகு அதை எந்தக் கை வாங்கும், வாங்கி என்ன செய்யும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பல் கிளினிக்குக்கு ஒருமுறை அட்டை அடித்துக் கொடுத்தோம். அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று நோயாளிக்குத் தேதி எழுதிக் கொடுக்கிற அட்டை. அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பளபளவென்று லாமினேஷன் போட்டோம். டாக்டர் பார்த்துப் பாராட்டினார். மறுநாள் அங்கே வேலை செய்யும் அக்கா போன் செய்தார். “அண்ணே, கார்டு ரொம்ப ஜோரா இருக்கு. எந்தப் பேனாவுல எழுதுறதுன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்லா.”

நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார், திரும்ப அடித்துக் கொடுத்தோம். எழுதுவதற்காகவே இருக்கிற அட்டையில் எழுத முடியவில்லை. அதோடு அது முடிந்தது. அதே பளபளப்பு ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் எனக்கு மெஷின் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது மட்டும் மெஷினை என்னிடம் விட்டுப் போவார். மற்ற நேரத்தில் தொடவிட மாட்டார். ஒருநாள் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் ஓடிக்கொண்டிருந்தது. தாள் முழுக்கச் சிவப்பு. ஏற்றிப்போக லாரி வந்து வாசலில் நிற்கிறது, முதலாளி கத்துகிறார், உடனே வெட்டு என்கிறார். பாய் அடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “மை இன்னும் தூங்கல போஸ். இப்ப எழுப்புனா அழும்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

முதலாளி வேறொருவரை விட்டு வெட்ட வைத்தார். வெட்டும் கத்தியின் அழுத்தத்தில் ஈர மை அடுத்த தாளின் முதுகில் ஏறிவிட்டது. முன்பக்கம் இறால் சலுகை விலை. பின்பக்கம் அரிசி மூட்டை. அரிசி மூட்டை எல்லாவற்றின் மேலும் இறால் ஏறி உட்கார்ந்திருந்தது. லாரி வெறுமனே திரும்பிப் போனது.

ஒரு தாளின் ஈர மை இன்னொரு தாளில் ஒட்டிக்கொள்வதை நம் தொழிலில் செட்-ஆஃப் என்பார்கள். அதைத் தடுக்கத்தான் மாவு தூவுகிறோம், விசிறி வைக்கிறோம், அடுக்கை உயரமாக விடாமல் பார்த்துக்கொள்கிறோம். பாய் இப்போது இல்லை. அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரே ஒரு பாடம்: ஈரத் தாளை மூடாதே. இன்றுவரை நான் அதை மீறியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாளுக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி. நாட்காட்டி, துணிக்கடை விளம்பரம், பலகாரப் பெட்டி என்று எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கலா என்று ஒரு பெண் கல்யாண கார்டு அடிக்கக் கொடுத்திருந்தாள். ஈப்போவில் ஒரு ஆபீசில் கணக்கு வேலை. மாப்பிள்ளை சித்தியவான்காரர், கிறிஸ்தவக் குடும்பம். இப்போதெல்லாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் அழைப்பு அனுப்புகிறார்கள். அவளும் அனுப்பப்போகிறாள்தான். ஆனால் அவள் அப்பா, அச்சடித்த கார்டைக் கையில் கொடுக்காமல் யாரையும் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

கார்டைத் திறந்தால் இடது பக்கம் பெண் வீட்டு அழைப்பு: மேலே சின்னதாகப் பிள்ளையார், காலையில் கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டு அழைப்பு: மேலே சின்னதாகச் சிலுவை, மாலையில் தேவாலயத்தில் ஆசீர்வாதம். வெளிப்பக்கம் கருஞ்சிவப்பில் தங்க வேலைப்பாடு, அதன் மேல் கண்ணாடி மாதிரி லாமினேஷன். கலாவே பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மாதிரி காட்டி, கையெழுத்து வாங்கி, அடித்துக் கொடுத்துவிட்டோம். மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரும், வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பலகார டப்பா ஸ்டிக்கரும் பாக்கி.

கார்டு எடுத்துப்போன அடுத்த வாரம், காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். கலா, அவள் அப்பா, அப்பாவின் அக்கா. அப்பா அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், தோட்டம் விற்றுப்போன பிறகு லாரி ஓட்டியவர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. கார்டுப் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, “பேனர் அடிச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல, இன்னைக்குப் போடுவோம்” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

“போட வேணாம். ஸ்டிக்கரும் வேணாம். கல்யாணம் நிக்குது.”

கலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம். கவுண்டர் பெண் பயந்துபோய் உள்ளே வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். முதலாளியும் தன் மேசையை விட்டு எழுந்து வந்தார்.

“என்னண்ணே, உக்காருங்க. என்ன ஆச்சு?”

அத்தைதான் பெட்டியிலிருந்து ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த தடம் இருந்தது. மஞ்சள் இல்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம், காய்ந்த செதில் மாதிரி.

“வெள்ளிக்கெழம தோட்டத்து மாரியம்மன் கோயில்ல, மொத கார்ட அம்மா காலடியில வெக்கப் போனான். மஞ்சள் கொழச்சி, அவன் கையாலதான் வெச்சான். பூச முடிஞ்சி, மஞ்சள் காஞ்ச பொறவு பூசாரி தட்டத் தூக்குனாரு. தூக்குன ஒடனே பொலபொலன்னு உதுந்து போச்சிய்யா. கார்டுல ஒரு மூலையில கூட நிக்கல. நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்னா அர்த்தம்?”

“அக்கா, சும்மா இரு.”

“நா ஏன் சும்மா இருக்கணும்? அன்னைக்கே சொன்னேன், அம்மாகிட்ட ஒரு வார்த்த கேளுன்னு. இப்ப அவளே சொல்லிட்டா.”

பிறகு கலாவின் அப்பா மெதுவாகச் சொன்னார். ஒரு வருடம் அவர் இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பையன் நல்லவன், அவன் அம்மா அப்பா வீடு தேடி வந்து மரியாதையாகப் பேசினார்கள், மகளும் பிடிவாதம் பிடிக்காமல் காத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் மனம் இறங்கினார். இறங்கினாலும் உள்ளுக்குள் ஒரு பயம். அம்மன் ஏற்றுக்கொள்வாளா என்று. அந்தப் பயத்தோடுதான் மஞ்சள் வைத்தார்.

“வேற கார்டுலயும் வெச்சிப் பாத்தேண்ணே. பெட்டியில உள்ள எதுலயும் நிக்கல. இன்னைக்குச் சாயந்தரம் சித்தியவானுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன். அதுக்கு முன்னால ஒங்க வேலய நிறுத்தணும், வீணா அடிச்சிடக்கூடாதுன்னுதான் வந்தேன்.”

தம்பிகளே, அந்த மனிதர் தன் வீட்டில் இடி விழுந்திருக்கும்போதும் நம் பேனர் துணி வீணாகக்கூடாது என்று நினைத்து வந்திருக்கிறார். வாடிக்கையாளர் என்று நாம் ஒரே வார்த்தையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாளிக்குத் தமிழ் அரைகுறை, விஷயம் பாதிதான் புரிந்தது. “மாதிரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அடித்ததில் குறை இல்லை. ஹபிஸ் செரித்தா” என்றார் என்னிடம் மலாயில். கதை முடிந்தது என்று அர்த்தம்.

எனக்குக் கதை முடியவில்லை. அந்தக் கார்டைப் பார்த்ததும் எனக்கும் முதலில் அம்மன் ஞாபகம்தான் வந்தது. நானும் சகுனம் பார்க்கிறவன்தான். காலையில் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் பொத்தானை அழுத்த மாட்டேன். ஆனால் அடுத்த நொடி விரல் அந்த வழவழப்பில் பட்டது. லாமினேஷன் என்பது தாளின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக். நாம் குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் மாதிரி. அதில் மஞ்சள் எங்கே ஊறும்? கிளினிக் அக்காவின் பேனா எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சொல்லிவிடலாம். ஆனால் எப்படிச் சொல்வது? “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, பிளாஸ்டிக்” என்றால், வேலை கைவிட்டுப் போகிறதே என்று கடைக்காரன் பேசுகிறான் என்பார். அம்மன் சொன்னதாக நம்புகிற ஒருவரிடம், நான் சொல்கிறேன் கேள் என்றால் யார் வார்த்தை பெரிது? அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் கையே அவருக்குச் சொல்ல வேண்டும்.

மெஷின் பக்கத்தில் இருக்கிற முருகன் படத்துக்குக் கீழிருந்து மஞ்சள் பொடியை எடுத்துவந்து ஒரு மூடியில் குழைத்தேன். கீழே கிடந்த லாமினேஷன் போட்ட கழிவுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினேன். “இதுல வெச்சிப் பாருங்கண்ணே.”

அத்தை எட்டிப் பார்த்தார். “இது என்னாது?”

“சாப்பாட்டுக் கடை மெனு.”

“கோழி வறுவல் படம் போட்டிருக்கு. இதுல மஞ்சள் ஒட்டலன்னா என்னா, ஒட்டுனா என்னா? கோழிக்கா கல்யாணம்?”

கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அத்தை கேட்டது நியாயம். சகுனம் கல்யாண கார்டுக்குத்தான். கோழிக்கு ஏது சகுனம்?

அப்போது என் கண் பேக்கிங் மேசைக்குப் போனது. அங்கே இன்னொரு வீட்டுக் கல்யாண கார்டு கட்டி வைத்திருந்தது. பெரிய இடம், பெரிய ஆர்டர், மதியம் எடுத்துப்போக வருகிறார்கள். அதே அட்டை, அதே லாமினேஷன். இரண்டு பக்கமும் ஒரே கோயில், ஜாதகம் பார்த்து, எல்லாப் பொருத்தமும் கூடி வந்த கல்யாணம்.

அதைத் திறந்தால் இவருக்கு உண்மை விளங்கும். ஆனால் இன்னும் வெளியே போகாத ஒரு பெரிய வேலையில் நம் குறையை நாமே திறந்து காட்டியது போலவும் ஆகும். பிறகு அந்த வீட்டுக்கும் சொல்லாமல் இருக்க முடியாது. என் பார்வை போன இடத்தை முதலாளி பார்த்துவிட்டார். அருகில் வந்து, “ஜாங்கான் புக்கா” என்றார். திறக்காதே.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தீபாவளி நேரம், ஒரு வேலை திரும்பி வந்தால் பின்னால் வரிசையாக எல்லாம் நிற்கும். அவர் தலையில்தான் விழும். “போஸ், பிளாஸ்டிக்கின் குறையைச் சாமி மேல் போட்டு ஒரு கல்யாணம் நிற்கக்கூடாது. இந்தப் பழியோடு நான் நாளைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்க முடியாது” என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, மேசைக்குத் திரும்பிப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்து, பெயர்கள் தெரியாமல் மடித்தபடியே அவர் முன்னால் வைத்தேன். “அண்ணே, இது வேற வீட்டுக் கல்யாணம். ரெண்டு பக்கமும் நம்ம கோயில்தான். பத்துப் பொருத்தமும் பாத்து வெச்சது. ஒங்க கையால ஒரு மூலையில வைங்க.”

“அடுத்தவங்க கல்யாணத்துல நா எப்பிடி…”

“நல்லாருக்கணும்னு நெனச்சி வைங்கண்ணே. தப்பில்ல.”

கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்லி, வைத்தார். மேசை விசிறியை அதன் மேல் திருப்பி விட்டேன். பக்கத்துக் கடையிலிருந்து தே வரவழைத்தோம். கலா மட்டும் கிளாசைத் தொடாமல் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கை அந்த ஒரு மூலையில் காய்ந்துகொண்டிருந்தது.

காய்ந்ததும், “தூக்குங்கண்ணே” என்றேன்.

தூக்கினார். முழுசாக உதிர்ந்து, தே கிளாசுக்குப் பக்கத்தில் விழுந்தது.

அத்தை குனிந்து அதைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “அப்ப, இவுங்களுக்கும் அம்மா வேணாங்கிறாளோ?” என்றார்.

கலாவின் அப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார். “ஏங்க்கா, அம்மாவுக்கு வேற வேல இல்லயா? ஈப்போவுல உள்ள கல்யாணத்தையெல்லாம் ஒண்ணொண்ணா நிறுத்திக்கிட்டா இருப்பா?”

கலா சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. நான் பிளாஸ்டிக் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன், அப்போதுதான் அது அவர் காதில் ஏறியது. கார்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இதுக்கா நா மூணு நாளு சாப்பிடல?” என்றார்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. திரும்ப அடிக்க அந்த அட்டை கையிருப்பில் இல்லை, நாளும் இல்லை. முதலாளி எழுந்து வந்து, அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்: நாலு மூலையிலும் ஸ்க்ரீனில் மஞ்சள் நிறம் அடித்துவிடலாம், பிளாஸ்டிக்கில் ஒட்டுகிற மை இருக்கிறது, உரித்தாலும் வராது. நான் தமிழில் சொன்னேன்.

கலாவின் அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “மொதலாளி நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு. ஆனா அச்சடிச்ச மஞ்ச மெஷின் வெச்ச மஞ்ச. அப்பன் வெச்சதா ஆகுமா?”

“கவர்ல வெக்கலாமே, அது வெறும் தாளு” என்றாள் கவுண்டர் பெண்.

“கவர கிழிச்சிக் குப்பையில போட்டுடுவாங்க பாப்பா.”

நான் ஒரு கார்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். “உள்பக்கம் தடவிப் பாருங்கண்ணே.” பிளாஸ்டிக் வெளியில் மட்டும்தான். உள்ளே வெறும் அட்டை, சொரசொரப்பு. அவர் முகம் தெளிந்தது. மூடியிலிருந்த மஞ்சளில் விரலைத் தொட்டு, இடது பக்கத்தின் நாலு மூலையிலும் வைத்தார். வலது பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“அதுலயும் வைங்கப்பா” என்றாள் கலா.

“இது அவுங்க பக்கம்மா. செலுவ போட்டிருக்கு. அவுங்க வழக்கம் என்னான்னு கேக்காம நா கைய வெக்கிறது மரியாத இல்ல. நம்ம பக்கத்துல வெச்சது போதும்.”

சொல்லிவிட்டு, பழக்கத்தில் கார்டை மூடினார். என் வாய் தானாகக் கத்தியது: “மூடாதீங்கண்ணே, ஈரம்!”

பதறிப்போய்த் திறந்தார். இடது பக்கம் நாலு மஞ்சள். வலது பக்கம், சிலுவை போட்ட பக்கத்திலும், நாலு மூலையில் நாலு மஞ்சள்.

“நா வெக்கல” என்றார் அவர்.

“தெரியுது. நா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார் அத்தை. அவர் குரல் மாறியிருந்தது. கார்டை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ வெக்கலடா. அதுவா போயிருக்கு.”

செட்-ஆஃப். பாய் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் குறை. அரிசி மூட்டையில் ஏறிய இறால். சொல்ல வாயைத் திறந்தேன். கொஞ்சம் முன்னால்தான் ஒரு சகுனத்தைப் பிளாஸ்டிக் என்று விளக்கியிருந்தேன். இதையும் ஈரம் என்று விளக்குவதுதானே நேர்மை? அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கலாவின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அது சரியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதலாவதை விளக்காமல் விட்டிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்றிருக்கும். இரண்டாவதை விளக்கியிருந்தால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும்? ஈரம் எப்படித் தாவும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு, அந்த நேரத்தில், அந்தக் கார்டில் ஏன் தாவியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் பேசுவது என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் கலாவின் அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. “அவுங்க தப்பா எடுத்துக்குவாங்களோ?” என்றார். கலா அங்கேயே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். மூன்று நாள் நடந்த எதையும் அவள் சொல்லவில்லை. இதை மட்டும் கேட்டாள்.

“ஆன்ட்டி, கார்டுல அப்பா மஞ்சள் வெச்சாங்க. ஈரத்தோட மூடினதுல ஒங்க பக்கத்துலயும் பட்டுருச்சி. பரவால்லயா?”

“என்னாம்மா இது, இதப் போயி கேட்டுக்கிட்டு! மஞ்சள் படாம கல்யாணமா? நாங்களும் நலங்கு வெக்கிற ஆளுங்கதான்லா. ஜெபம் பண்ணிட்டு மஞ்சள் பூசுவோம். அப்பாவ நல்லா அழுத்தி மூடச் சொல்லு.”

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “அழுத்தி மூடச் சொல்றாங்கடா தம்பி. கேட்டுச்சா?”

கலாவின் அப்பா பேக்கிங் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு எடுத்துப்போய் வைக்கலாமே என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கலா கார்டைத் திறந்து திறந்து கொடுத்தாள், அத்தை மஞ்சள் குழைத்தார், அவர் இடது பக்கத்தில் நாலு மூலையும் வைத்து, உடனே மூடி, உள்ளங்கையால் அழுத்தினார்.

நான் அந்த இன்னொரு வீட்டுக்குப் போன் செய்து, வெளியே மஞ்சள் நிற்காது, உள்ளே வையுங்கள் என்று சொன்னேன். அவர்கள் கோபித்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். முதலாளி மத்தியானம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. மத்தியானம் பேனர் துணியை அவரே எடுத்துவந்து, “இதை முதலில் போடு” என்றார். அன்று முதல் கல்யாண கார்டுக்கு ஆர்டர் எடுக்கும்போது, மஞ்சள் எங்கே வைப்பீர்கள் என்று கவுண்டரில் கேட்கிறோம். நீங்களும் கேளுங்கள். பில் புத்தகமா, அதில் யார் எழுதுவார்? கருமாதி கார்டா, அதை யார் சட்டைப் பையில் வைத்திருப்பார்? கேட்டுவிட்டுப் பிறகு அட்டவணையைப் பாருங்கள்.

அன்றைக்கு நான் கடைசியாகச் செய்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பேனரை மெஷினில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால், மேசை விசிறி இன்னும் அவர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூடுவதற்குள் மஞ்சளின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. சில கார்டுகளில் எதிர்ப்பக்கம் சரியாகப் படவில்லை, அவர் மறுபடி விரலை நனைத்துக்கொண்டிருந்தார்.

பாயை மனதுக்குள் ஒருமுறை நினைத்துக்கொண்டேன். போய் விசிறியை நிறுத்தினேன்.